வடிவமே வேலை: உயிர்களுக்குள் நொதிகள்

டப்பாவில் போட்டு மூடிவைத்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். சுற்றிலும் காற்று இருக்கிறது, காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறினால் ஆற்றலும் வெளிப்படும். ஆனாலும் மாறுவதில்லை. எரித்தே தீருவது என்றால் கரண்டியில் அள்ளி அடுப்புத் தீயில் காட்ட வேண்டும். அப்போதும் உருகிக் கருகிய பிறகுதான் பற்றும். உடலுக்குள் போன சர்க்கரையோ 37 டிகிரி செல்சியசில், தீயும் புகையும் இல்லாமல், சில மணி நேரத்துக்குள் அதே கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆகிவிடுகிறது. தொடக்கமும் முடிவும் இரண்டிலும் ஒன்றுதான். நடுவில் உள்ள வழியை உடலில் எளிதாக்கித் தருபவை நொதிகள்.

நொதி என்பது உயிரணு தனக்குத் தானே செய்துகொள்ளும் வினையூக்கி. மருத்துவச் சீட்டுகளில் 'என்சைம்' என்று வருவது இதுதான். ஒரு வேதிவினையை வேகப்படுத்திவிட்டு, வினை முடிந்ததும் தான் செலவாகாமல் விடுபட்டு அடுத்த மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மிகச் சிறிய அளவு நொதியே பெரிய அளவு வேலையை முடித்துவிடும். நொதி எந்தப் பொருளின் மேல் வேலை செய்கிறதோ அதற்குத் தளப்பொருள் என்று பெயர். வேலை முடிந்து கிடைப்பது விளைபொருள்.

எந்த வேதிவினையிலும் பழைய பிணைப்புகள் நெகிழ்ந்த பிறகுதான் புதியவை உருவாக முடியும். அப்படி நெகிழ்வதற்கு முன்பணம் போலக் கொஞ்சம் ஆற்றல் தேவைப்படுகிறது. அதற்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். கோயம்புத்தூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாலக்காடு 100 மீட்டருக்கும் தாழ்வில் இருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்கே போவது மொத்தத்தில் இறக்கம்தான். ஆனால் இடையில் மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளியே இல்லாமல் நின்றிருந்தால், அந்த இறக்கத்துக்குப் போவதற்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். பெரும்பாலோர் கிளம்பியே இருக்க மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால் பேருந்து சிரமமில்லாமல் போய்விடுகிறது. நொதி செய்வதும் ஒரு கணவாயைத் திறப்பதுதான். மலை அங்கேயே இருக்கிறது, இரண்டு ஊர்களின் உயரமும் மாறவில்லை. கடக்க வேண்டிய மேடு மட்டும் தாழ்ந்துவிட்டது.

இந்த உவமையிலிருந்து இன்னொன்றையும் தெரிந்துகொள்ளலாம். கணவாய் வழியாக இரு திசையிலும் வண்டிகள் போகும். எந்த ஊரில் எத்தனை பேர் தங்குவார்கள் என்பதைக் கணவாய் தீர்மானிப்பதில்லை. அதுபோலவே நொதியும் ஒரு வினையின் முன்திசையையும் பின்திசையையும் சேர்த்தே வேகப்படுத்துகிறது. கடைசியில் எது எவ்வளவு மிஞ்சும் என்ற சமநிலையை அது மாற்றாது. நடக்கவே முடியாத வினையை எந்த நொதியாலும் நடத்த முடியாது. மாணவர்கள் அதிகம் தவறுசெய்யும் இடம் இது. மேட்டை நோக்கிப் போக வேண்டிய வினைகளுக்கு உயிரணு ஏ.டி.பி. என்ற மூலக்கூறை உடைத்துத் தனியாக ஆற்றல் தருகிறது. நொதி கொடுப்பது வேகம் மட்டும்.

அந்த வேகத்தின் அளவு மலைக்க வைப்பது. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியின் ஒரே மூலக்கூறு நொடிக்குப் பத்து லட்சம் வரையிலான கரியமில வாயு மூலக்கூறுகளை நீரோடு சேர்க்க வல்லது. கேட்டலேஸ் ஒரு நொடியில் பல லட்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு மூலக்கூறுகளை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியதும் பொங்கி வரும் வெள்ளை நுரை அந்த ஆக்சிஜன்தான். டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் வேண்டிய கட்டுமானப் பொருள்களைச் செய்யும் பாதையில் ஒரு படி உண்டு. நொதி இல்லாமல் நீரில் விட்டால், அந்தப் படியில் உள்ள பொருளில் பாதி மாறுவதற்கு 7.8 கோடி ஆண்டுகள் ஆகும் என்று அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபெண்டன் கணக்கிட்டார். நொதி அதே வேலையை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிக்கிறது. நொதிகள் இல்லாவிட்டால் உயிர் மெதுவாக நடக்கும் என்று சொல்வது போதாது. உயிர் என்று ஒன்று நடக்கவே நடக்காது.

இட்லி மாவு புளித்துப் பொங்குவதை நொதித்தல் என்கிறோம். நொதி என்ற சொல் அதிலிருந்து வந்தது. ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஜெர்மானிய உடலியல் அறிஞர் வில்ஹெல்ம் கூனே 1870களில் 'ஈஸ்டுக்குள்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு என்சைம் என்ற பெயரை உண்டாக்கினார். பொருள் அதற்கு முன்பே கைக்கு வந்திருந்தது. 1833இல் பிரான்சில் அன்செல்ம் பாயேன், ஜான் பிரான்சுவா பெர்சோ என்ற இருவர், முளைகட்டிய பார்லியின் சாற்றில் ஆல்கஹால் சேர்த்து ஒரு வெண்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிய அதற்கு டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். நொதிகளின் பெயர்கள் பெரும்பாலும் 'ஏஸ்' என்று முடிவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். லாக்டோசை உடைப்பது லாக்டேஸ், சுக்ரோசை உடைப்பது சுக்ரேஸ்.

ஆனால் திராட்சைச் சாறு மதுவாவது போன்ற நொதித்தல் உயிருள்ள ஈஸ்டால் மட்டுமே முடியும் என்று லூயி பாஸ்டர் உறுதியாக நம்பினார். உயிருக்கு மட்டும் உரிய ஏதோ ஒரு விசை அதற்குள் இருக்கிறது என்பது அக்காலத்தில் பலர் கொண்டிருந்த எண்ணம். அதைக் கலைத்தது ஒரு தற்செயல். 1897இல் ஜெர்மனியில் எட்வர்ட் புக்னர், மருத்துவப் பயன் கருதி, ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்து சாறெடுத்தார். உயிரணுக்கள் அனைத்தும் நசுங்கிப்போன சாறு அது. கெடாமல் இருக்கட்டும் என்று, பழத்துக்குப் பாகு ஊற்றுவது போல, அதில் நிறையச் சர்க்கரையைச் சேர்த்தார். சாறு குமிழியிட்டது. உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லாமல் சர்க்கரை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாறிக்கொண்டிருந்தது. உயிரின் வேதியியலை உயிரணுவுக்கு வெளியே, ஒரு குடுவைக்குள் வைத்துப் படிக்கலாம் என்ற நிலை அன்று பிறந்தது. உயிர்வேதியியல் என்ற துறைக்கு இதைவிட நல்ல பிறந்தநாள் கிடைக்காது. புக்னருக்கு 1907இல் நோபல் பரிசு கிடைத்தது.

நொதி எதனால் ஆனது என்ற கேள்வி அதன் பிறகும் இழுபறியாகவே இருந்தது. அதை முடித்தவர் ஜேம்ஸ் சம்னர். இடக்கைப் பழக்கம் உள்ள அவர் 17 வயதில் ஒரு வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், வாளவரையின் நெருங்கிய உறவான ஓர் அவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைத் தூய்மையாகப் பிரிக்க ஒன்பது ஆண்டுகள் பாடுபட்டார். மாட்டுத் தொழுவத்தில் பழைய மூத்திரம் காரநெடி அடிப்பதற்குக் காரணம் இதே நொதிதான். மண்ணிலும் சாணத்திலும் உள்ள பாக்டீரியாக்கள் அதைக் கொண்டு யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. 1926இல் சம்னரின் கையில் யூரியேஸ் படிகங்கள் கிடைத்தன. சோதித்தபோது அவை புரதம். பெரிய பேராசிரியர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். 1946இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தபோது அந்த மறுப்பெல்லாம் அடங்கிப் போயிருந்தது.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த நீண்ட சரம். மணிகளில் 20 வகை உண்டு. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பதை மரபணு சொல்கிறது. கோத்து முடிந்த சரம் நீளமாகக் கிடப்பதில்லை. நீரை விரும்பும் மணிகள் வெளியே திரும்ப, நீரை வெறுப்பவை உள்ளே ஒதுங்க, சுருண்டு மடங்கி ஒரு குறிப்பிட்ட முப்பரிமாண உருவத்துக்கு வருகிறது. அந்த உருவத்தின் ஓரிடத்தில் ஒரு பள்ளமோ பிளவோ இருக்கும். அதுதான் செயல்படு மையம். சரத்தில் வெகு தொலைவில் இருந்த இரண்டு மூன்று மணிகள் மடிப்பின் காரணமாக அங்கே அருகருகே வந்து நிற்கும். வேலையைச் செய்பவை அவைதாம். நொதியைப் பற்றிப் படிக்கும் அனைத்தும் இந்த ஒரு செய்தியில் அடங்கும்: வடிவம் இருக்கும்வரை வேலை இருக்கும், வடிவம் குலைந்தால் வேலை நின்றுவிடும்.

தளப்பொருளும் நொதியும் பூட்டும் சாவியும் போல் பொருந்துகின்றன என்று 1894இல் எமில் பிஷர் சொன்னார். பள்ளிப் பாடங்களில் இன்றும் முதலில் வருவது இந்த உவமைதான். ஆனால் அது பாதி உண்மை. பூட்டு இரும்பு, அசையாது, நொதி அசையும். 1958இல் டேனியல் கோஷ்லாண்ட், தளப்பொருள் வந்து தொட்டதும் நொதி தன் உருவத்தைச் சற்று மாற்றி அதை அணைத்துக்கொள்கிறது என்று விளக்கினார். கை நுழைந்ததும் கையுறை விரிந்து பொருந்துவது போன்றது இது. இன்னும் நுட்பமாகச் சொன்னால், நொதியின் பள்ளம் மிக நன்றாகப் பொருந்துவது முழுத் தளப்பொருளுக்கு அல்ல. பாதி உடைந்தும் பாதி உடையாமலும், மலை உச்சியில் நிற்பது போன்ற மாறுநிலையில் இருக்கும் மூலக்கூறுக்குத்தான். அந்த நிலையை நொதி தாங்கிப் பிடிப்பதால் மேடு தாழ்ந்துவிடுகிறது.

இதை முதன்முதலில் கண்ணால் பார்ப்பது போலக் காட்டிய நொதி கண்ணீரில் இருக்கிறது. பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1922இல், அலெக்சாண்டர் பிளெமிங் மூக்குச்சளியிலும் கண்ணீரிலும் முட்டை வெள்ளைக்கருவிலும் பாக்டீரியாவைக் கரைக்கும் ஒரு பொருளைக் கண்டார். அதன் பெயர் லைசோசைம். 1965இல் லண்டனில் டேவிட் பிலிப்சின் குழு எக்ஸ்கதிர் கொண்டு கோழிமுட்டை லைசோசைமின் வடிவத்தை வரைந்தது. 129 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம், நடுவில் நீண்ட பிளவு. பாக்டீரியாவின் சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலியின் ஆறு வளையங்கள் அந்தப் பிளவில் வரிசையாகப் படுத்துக்கொள்ளும். சரத்தில் 35ஆம் இடத்திலும் 52ஆம் இடத்திலும் உள்ள இரண்டு அமினோ அமிலங்கள் பிளவின் இரு கரையிலும் எதிரெதிராக நின்று, நான்காவது வளையத்துக்கும் ஐந்தாவது வளையத்துக்கும் இடையிலுள்ள பிணைப்பை அறுக்கின்றன. சுவர் வலுவிழக்க, பாக்டீரியா வெடித்துவிடுகிறது. கண்ணைக் காக்கும் இந்த வேலை ஒவ்வொரு இமைப்பிலும் நடந்துகொண்டிருக்கிறது.

பொருத்தம் இவ்வளவு நுட்பமானது என்பதால் ஒரு நொதி மற்றொன்றின் வேலையைச் செய்யாது. இதற்கு நெல்வயலைவிட நல்ல சான்று இல்லை. அரிசியில் இருப்பது மாவுச்சத்து, வைக்கோலில் இருப்பது செல்லுலோஸ். இரண்டுமே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள். ஒரே செடி, ஒரே மணி. கோத்த விதம்தான் வேறு. மாவுச்சத்தில் மணிகள் அனைத்தும் ஒரே முகமாக இருக்கும். செல்லுலோசில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக இருக்கும். மனித உமிழ்நீரிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் முதல் மாலையை அவிழ்க்கும், இரண்டாவதைத் தொடாது. அதனால் சோறு மனிதனுக்கு, வைக்கோல் மாட்டுக்கு. மாட்டுக்கும் சொந்தமாகச் செல்லுலேஸ் கிடையாது. அதன் வயிற்றின் முதல் அறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நொதியைத் தருகின்றன. ஒரு பிணைப்பின் திசை மாறியதற்காக, மனித வயிற்றுக்குள் போகும் செல்லுலோசில் பெரும்பகுதி உணவாகாமல் வெளியேறுகிறது.

வெறும் சோற்றை வாயில் போட்டு ஒரு நிமிடம் மென்றால் இலேசாக இனிக்கும். அமைலேஸ் மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக அறுத்துவிட்டதன் அடையாளம் அது. கவளம் இரைப்பைக்குள் இறங்கி அங்குள்ள அமிலத்தில் நன்றாகக் கலந்ததும் அந்த அமைலேஸ் செயலற்றுப்போகும். பெப்சின் என்ற நொதிக்கோ அந்த அமிலம்தான் உகந்தது. அமிலக் குறியீடான பி.எச். 2 அளவில் அது பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதத்தை வெட்டத் தொடங்குகிறது. சிறுகுடலுக்குப் போனால் நிலைமை தலைகீழ். கணையநீர் அமிலத்தை முறித்து பி.எச். அளவை 8 அருகே கொண்டுவர, பெப்சின் ஓய்ந்து டிரிப்சின் எழுகிறது. நொதியின் பள்ளத்தில் உள்ள மின்னேற்றங்கள் சரியாக இருந்தால்தான் அது தளப்பொருளைப் பிடிக்க முடியும். அமிலத்தின் அளவு மாறினால் அந்த மின்னேற்றங்கள் மாறும், அதிகமாக மாறினால் மடிப்பே குலையும்.

புரதத்தை வெட்டும் நொதியைச் செய்கிற உறுப்பும் புரதத்தால் ஆனதுதானே, அதை ஏன் வெட்டுவதில்லை? கணையம் டிரிப்சினை உறையிட்ட கத்தியாகச் செய்து அனுப்புகிறது. டிரிப்சினோஜென் என்ற அந்த முன்வடிவத்துக்கு வெட்டும் திறன் இல்லை. சிறுகுடலுக்கு வந்த பிறகு, குடல் சுவரிலுள்ள வேறொரு நொதி அதன் ஒரு துண்டை நறுக்கி உறையை உருவுகிறது. அதன்பின் டிரிப்சினே மற்ற முன்வடிவங்களின் உறைகளை உருவிவிடும். பித்தப்பைக் கல்லாலோ மிதமிஞ்சிய குடியாலோ கணையத்துக்குள்ளேயே உறை கழன்றுவிட்டால், கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்கும். முதுகுவரை பாயும் கடும் வயிற்றுவலியோடு வரும் கணைய அழற்சி இதுதான்.

பாலைக் குடித்தால் வயிறு பொருமுகிறது, தயிர் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை என்று பலர் சொல்வதற்கும் நொதியே விடை. பாலிலுள்ள லாக்டோசை உடைக்கும் லாக்டேஸ் குழந்தைகளின் குடலில் நிறைய இருக்கும். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பால்குடிப் பருவம் கடந்ததும் அது குறைந்துவிடுகிறது. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு விருந்தாகி, வாயுவாகப் பொங்குகிறது. தயிரிலோ அதன் ஒரு பகுதியைத் தயிர்ப் பாக்டீரியாக்கள் முன்பே தீர்த்துவிடுகின்றன. தம் லாக்டேசையும் கூடவே கொண்டுவருகின்றன. இது நோயல்ல, பாலூட்டிகளின் இயல்பு. முதிர்ந்த வயதிலும் பாலைச் செரிப்பதுதான் விதிவிலக்கு.

வெப்பம் நொதிக்கு நண்பனும் பகைவனும் ஆகும். சூடு ஏறினால் மூலக்கூறுகள் வேகமாக மோதும், வினை விரையும். பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஊட்டியில் இட்லி மாவு பொங்கக் காத்திருப்பவர்களுக்கும், சென்னை வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துப்போகிறவர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டி நொதிகளை அழிப்பதில்லை, மந்தமாக்குகிறது. ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சூடு போனால் மடிப்பைத் தாங்கும் மெல்லிய பிணைப்புகள் அறுந்து சரம் அவிழ்ந்துவிடும். மனித நொதிகள் பலவற்றுக்கு 40 டிகிரியைத் தாண்டிய சில டிகிரிகளிலேயே அந்த எல்லை வந்துவிடும். இதை இயல்பிழத்தல் என்பார்கள். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி ஒழுகாது. அப்படி வெந்த நொதியும் மறுபடி வேலை செய்வது அரிது.

இதை உடம்பிலேயே எழுதி வைத்திருக்கும் உயிர் சயாமியப் பூனை. அதன் உடல் வெளிர்நிறம். காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கருமை. தோலுக்கும் முடிக்கும் கருநிறம் தரும் மெலனினைச் செய்வதற்கு டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். சயாமியப் பூனையில் அந்த நொதியின் மரபணு சற்றே மாறியிருப்பதால், உடலின் வெப்பத்திலேயே அதன் வடிவம் நிற்பதில்லை. உடல் நுனிகள் குளிர்ச்சியாக இருப்பதால் அங்கே மட்டும் நொதி உயிர்பெற்று நிறம் தீட்டுகிறது. தாயின் வயிற்றுச் சூட்டில் வளர்ந்ததால் குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையாகவே இருக்கும். மனிதரில் இதே டைரோசினேஸ் முற்றிலும் செயலிழந்து பிறப்பது வெண்தோல் நிலையின் ஒரு வகை.

எதிர்க்கோடியில் நிற்கிறது தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியா. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் சுமார் 70 டிகிரியில் வாழும் இதை தாமஸ் பிராக் 1960களில் கண்டெடுத்தார். இதன் நொதிகளின் மடிப்புகள் இறுக்கமானவை. கொதிநிலையை நெருங்கும் சூட்டிலும் குலையாதவை. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் இதன் நொதியையும் அதன் வழிவந்தவற்றையும் நம்பித்தான், மாதிரியை மாறிமாறிச் சூடாக்கிக் குளிர்விக்கும் பி.சி.ஆர். முறை நடக்கிறது. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த கோடிக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தது இந்த முறைதான்.

சமையலறையில் நொதிகளை அடக்கவும் ஏவவும் பாட்டிமார்கள் பெயர் தெரியாமலே கற்றிருந்தார்கள். வாழைத்தண்டையும் வாழைப்பூவையும் நறுக்கியதும் மோரில் போடுவது வழக்கம். போடாவிட்டால் கறுத்துவிடும். செடியின் உயிரணுவில் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி ஓர் அறையிலும், அதன் தளப்பொருள் வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் அறைகள் உடைந்து இரண்டும் சந்திக்க, காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து கருநிறம் உருவாகிறது. மோரின் புளிப்பு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது, மோரில் மூழ்கியிருப்பதால் காற்றும் குறைகிறது. இதே நொதியை அடக்காமல் வேண்டுமென்றே வேலை செய்யவிட்டால் கிடைப்பது கறுப்புத் தேயிலை. நீலகிரித் தொழிற்சாலைகளில் இலையை நசுக்கிக் காற்றாட விடுவது இதற்காகத்தான். பறித்தவுடன் ஆவியிலோ சட்டியிலோ சூடேற்றி நொதியை அழித்துவிட்டால் அது பசுந்தேயிலை. கடின இறைச்சியோடு பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்ப்பவர்கள் அதன் பாலிலுள்ள பப்பேன் என்ற புரதம் வெட்டும் நொதியைச் சேர்க்கிறார்கள். கேழ்வரகை முளைகட்டிக் கஞ்சி காய்ச்சினால் அது இளகலாக இருக்கும். முளைக்கும் விதையின் அமைலேஸ் மாவுச்சத்தை நறுக்கியிருக்கும். 1833இல் பார்லியில் கண்டதும் இதையேதான்.

நொதிகள் பலவற்றுக்குத் துணை வேண்டும். கார்பானிக் அன்ஹைட்ரேசின் பள்ளத்தில் ஒரு துத்தநாக அணு இல்லாவிட்டால் அது வெறும் புரதம். வேறு பலவற்றுக்கு இணைநொதி எனப்படும் சிறு மூலக்கூறுகள் தேவை. பி வகை வைட்டமின்கள் பெரும்பாலும் அந்த இணைநொதிகளாகவே உடலில் பயன்படுகின்றன. வைட்டமின்கள் மிகச் சிறிய அளவில் போதுமென்பதன் காரணமும் இதுதான்: நொதியைப் போலவே அவையும் திரும்பத் திரும்பப் பயன்படும். தவிட்டை முற்றும் நீக்கித் தீட்டிய பச்சரிசியையே தின்று வாழ்ந்த மக்களிடையே ஆசியா முழுவதும் பெரிபெரி என்ற நோய் பரவியிருந்தது. ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் தீட்டிய அரிசி தின்ற கோழிகளிடம் அதே போன்ற நோயைக் கண்டார். தவிட்டோடு போன தயமின் என்ற பி1 வைட்டமின் இல்லாததால், சர்க்கரையை எரிக்கும் பாதையின் முக்கியமான நொதி முடங்குகிறது. நரம்பும் இதயமும் முதலில் அடிபடுகின்றன. நெல்லை ஊறவைத்து அவித்தால் இந்த வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் ஊறிவிடும், பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்கும். புழுங்கலரிசியின் சிறப்பு அது.

செயல்படு மையத்தில் போலிப் பொருள் ஒன்று போய் உட்கார்ந்துகொண்டால் நொதி நின்றுவிடும். விஷங்களும் மருந்துகளும் சந்திக்கும் இடம் இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனால் தன்னளவில் பெரிய நஞ்சல்ல. கல்லீரலில் சாதாரண ஆல்கஹாலை மாற்றும் நொதி, உருவ ஒற்றுமையால் மெத்தனாலையும் பிடித்து ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது; அதிலிருந்து உருவாகும் ஃபார்மிக் அமிலம் கண் நரம்பைக் கருக்கி, உயிரணுக்களை மூச்சு விட முடியாமல் செய்கிறது. ஆகவே மருத்துவர்கள் அந்த நொதியின் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஃபோமெபிசோல் என்ற மருந்தைத் தருகிறார்கள். கிடைக்காதபோது அளந்த எத்தனாலைச் செலுத்துவதும் உண்டு. இடம் கிடைக்காத மெத்தனால் மாறாமலே இரத்தத்தில் நிற்க, டயாலிசிஸ் அதை வெளியேற்றிவிடுகிறது. போட்டித் தடுப்பான் என்று பாடப்புத்தகம் சொல்வது இதுதான். ஃபார்மிக் அமிலம் சேர்ந்த பிறகு இந்த வழி அதிகம் உதவாது. அதனால் கலப்படச் சாராயம் குடித்தவருக்குப் பார்வை மங்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பூச்சிமருந்துகளில் ஒரு பெரும் பிரிவான ஆர்கனோபாஸ்பேட்டுகள் இன்னும் கொடியவை. அவை இடத்தை அடைப்பதோடு நிற்காமல் நொதியோடு பிணைந்துவிடுகின்றன. நரம்பு தசைக்குச் செய்தி சொன்னதும் அந்தச் செய்தி மூலக்கூறை உடனே அழிக்க வேண்டிய அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் முடங்கிப்போக, செய்தி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். வாயில் நுரை, சுருங்கிய கண்மணி, மூச்சுத்திணறல் எல்லாம் அதன் விளைவு. பூச்சிக்கும் அதைத் தெளிக்கும் உழவருக்கும் நொதி ஏறத்தாழ ஒன்றே என்பதால் முகமூடியும் கையுறையும் இல்லாமல் அந்த மருந்தைத் தொடவே கூடாது.

ஆஸ்பிரினும் இப்படிப் பிணையும் தடுப்பான்தான், ஆனால் நன்மைக்கு. வலியும் வீக்கமும் உண்டாக்கும் பொருள்களைச் செய்கிற சைக்ளோ ஆக்சிஜனேஸ் நொதியின் வாயிலில் அது தன் ஒரு துண்டை ஒட்டிவிட்டுப் போகிறது. மற்ற உயிரணுக்கள் புதிய நொதியைச் செய்துகொள்ளும். இரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு கிடையாது, புதிதாகச் செய்ய இயலாது. அவை வாழும் ஏழு முதல் பத்து நாள் வரை அடைபட்ட நொதியோடுதான் ஓட வேண்டும். இதய நோயாளிகளுக்கு மருத்துவர் சிறிய அளவு ஆஸ்பிரினை நாள்தோறும் தருவது, தட்டணுக்கள் ஒட்டி உறைகட்டியாகாமல் இருக்கும் பொருட்டு.

தடுப்பது எல்லாம் வெளியிலிருந்து வருவதில்லை. உயிரணு தன் நொதிகளைத் தானே அடக்குகிறது. பாக்டீரியா ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தை ஐந்து படிகளில் செய்கிறது. போதிய அளவு சேர்ந்ததும் அந்த ஐசோலூசினே முதல் படியின் நொதியில், செயல்படு மையத்துக்கு அப்பால் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். நொதியின் உருவம் சற்றுத் திரும்பி, பள்ளம் பயனற்றதாகும். ஐசோலூசின் செலவானதும் ஒட்டியது கழன்று வேலை மறுபடி தொடங்கும். மேற்பார்வையாளர் யாரும் இல்லாமல், உருவ மாற்றம் ஒன்றைக் கொண்டே உற்பத்தி அளவோடு நடக்கிறது.

உயிரணுவுக்குள் இருக்க வேண்டிய நொதி இரத்தத்தில் கூடுதலாகத் தெரிந்தால் எங்கோ உயிரணுக்கள் உடைகின்றன என்று பொருள். கல்லீரல் பரிசோதனைச் சீட்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் நொதிகளின் பெயர்கள். கணைய அழற்சியை உறுதிசெய்ய அமைலேசையும் லைபேசையும் அளக்கிறார்கள். தொழிலுலகிலும் நொதிகள் பரவிவிட்டன. தோலைப் பதப்படுத்த நாய்ச்சாணம் பயன்பட்ட காலத்தில், அதில் வேலை செய்வது நொதிகள் என்று உணர்ந்த ஜெர்மானியரான ஓட்டோ ரோம், 1900களின் முதல் பத்தாண்டிலேயே கால்நடைக் கணையத்தின் நொதிகளை அதற்கு மாற்றாக்கினார். சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், முடி நீக்கச் சுண்ணாம்பும் சல்ஃபைடும் போடும் முறைக்கு மாற்றாக நொதி முறைகளை உருவாக்கியிருக்கிறது. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளின் நிலத்தடி நீர் தோல் தொழிற்சாலைக் கழிவால் கெட்டதை அறிந்தவர்களுக்கு அந்த ஆய்வின் அருமை தெரியும்.

கடைசியாக ஒரு திருத்தம். நொதி என்றால் புரதம் என்று சம்னருக்குப் பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடநூல்கள் சொல்லிவந்தன. 1980களில் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் ஆகியோர் தனித்தனியே ஆர்.என்.ஏ.யும் மடங்கி உருவம் கொண்டு வினையூக்கியாக வேலை செய்வதைக் காட்டினார்கள். 1989இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வேலை பொருளைச் சார்ந்ததல்ல, மடிப்பைச் சார்ந்தது என்பது அதனால் இன்னும் உறுதியானது. அமினோ அமிலங்களைக் கோத்து எல்லாப் புரத நொதிகளையும் செய்யும் ரைபோசோமின் வடிவத்தைக் கண்டறிந்ததற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவர் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். ரைபோசோமின் பெரிய பகுதியின் அணு அமைப்பு 2000இல் வெளியானபோது, மணிகளைக் கோக்கும் அந்த மையத்தில் புரதம் எதுவும் காணப்படவில்லை. அங்கே இருந்தது ஆர்.என்.ஏ. மட்டுமே.